கிளிநொச்சியில் ஓய்வுக்கு முந்திய ஒருநாள் வழிகாட்டல் அமர்வு: ஒரு மதிப்பீடு

பரந்தனுக்கு அருகிலுள்ள நெல் ஆலையொன்றில் 14 ஆண்டுகளாகக் கணக்கு எழுதிவரும் எனக்கு வயது 54. தனியார் துறையில் ஐம்பதைக் கடந்தவர்களுக்காகத் தொண்டு நிறுவனமொன்று கிளிநொச்சியில் நடத்திய வழிகாட்டல் அமர்வுக்கு 500 ரூபா செலுத்திச் சென்றிருந்தேன்.

முற்பகலில் கேட்டவற்றுள் பெரும்பகுதி தெரிந்ததே. ஊழியர் சேமலாப நிதிக்கு நாம் 8 சதவீதமும் முதலாளி 12 சதவீதமும் செலுத்த வேண்டும். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் அதைப் பெறலாம். 2021 ஆம் ஆண்டுச் சட்டத்தால் என் வயதினருக்கு ஓய்வு வயது 60.

அமர்வின் பெறுமதி, வேலையிலிருந்து விலகும்போது முதலாளி தரும் பணிக்கொடை பற்றிய ஒரு மணி நேரத்தில்தான் இருந்தது. ஓய்வுக்கு முன்னரே அரைநாள் வேலைக்கு மாறிவிடும் எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. காலபோக விதைப்புக்கு வயலில் நிற்க வேண்டியவன் மாலைவரை பேரேட்டோடு இருக்க இயலாது. ஆனால் 1983 ஆம் ஆண்டுச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாத சேவையுள்ளவருக்கு ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம் என்ற பணிக்கொடை இறுதியாகப் பெற்ற சம்பளத்தைக் கொண்டே கணிக்கப்படுகிறது. அறுபதாயிரம் பெறும் ஒருவர் 14 ஆண்டுகளின் பின் விலகினால் 4,20,000 ரூபா கிடைக்கும். அவரே முப்பதாயிரத்துக்கு அரைநாள் வேலை செய்துவிட்டு விலகினால், முழுநேரம் உழைத்த ஆண்டுகளும் சேர்ந்து பாதியாகிவிடும். முதலில் முறைப்படி விலகிப் பணிக்கொடையைப் பெற்று, பின்னர் புதிய நியமனக் கடிதத்துடன் பகுதி நேரமாகச் சேரும்படியும், அப்போதும் முதலாளியின் சேமலாப நிதிப் பங்களிப்பைக் கேட்டுப் பெறும்படியும் ஓய்வுபெற்ற தொழில் அதிகாரி கரும்பலகையில் கணக்குப் போட்டு விளக்கினார். இதற்காக மட்டுமே இன்னொரு 500 ரூபா கொடுக்கலாம்.

பிற்பகல் ஏமாற்றம். பகுதி நேர வேலைக்குச் சொன்ன உதாரணங்கள் அனைத்தும் கொழும்பு அலுவலகங்களுக்கு உரியவை. அறுவடைக் கால ஆலைக் கணக்கு, கூட்டுறவுச் சங்கப் பதிவேடு என இங்கு முதியவர்களைத் தேடிவரும் வேலைகள் பேச்சில் வரவேயில்லை. 2009 இடப்பெயர்வில் பழைய சேவை ஆவணங்களை இழந்தவர்கள் கேட்ட கேள்விகளுக்கும், தொழில் திணைக்களத்துக்குப் போங்கள் என்ற ஒரு வரியே பதிலாயிற்று. மண்டபத்தில் பாதிப்பேருடைய கேள்வி அதுவாக இருந்தும் அதற்குப் பத்து நிமிடம்கூட ஒதுக்கப்படவில்லை.

அடுத்த அமர்வுக்குச் செல்வோர் நியமனக் கடிதத்தையும் அண்மைய சம்பளச் சிட்டையையும் கொண்டுசெல்லுங்கள். வெறுங்கையோடு போன எனக்கு அதிகாரி உத்தேசக் கணக்கையே போட்டுத் தந்தார்.