புது வீடுங்க எங்க வரணும்னு கேக்குற ட்ராஃப்ட் ப்ளான் டிஸ்ப்ளே, போய் பாத்துட்டு வந்தேன்

சனிக்கிழமை காலையில நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு தூக்கக்கலக்கத்தோட மோட்டார்லயே நேரா போயிட்டேன். மலேசியாவுல எங்க பினாங்கு மாநிலத்துல இனிமே தாமான் (குடியிருப்பு), ஃப்ளாட் எல்லாம் எந்தப் பக்கம் வரணும்னு மேப் போட்டு மாட்டி வச்சு மக்கள் கருத்து கேக்குறாங்க இல்ல, அதான். எந்த ஆபிஸ்னு பேர் போடல, கவுண்டர்ல இருந்த தங்கச்சிக்கு என்னால பிரச்சன வரக்கூடாது. 5க்கு 3 ஸ்டார் குடுக்குறேன்.

முதல்ல நல்லத சொல்லிடுறேன். ஃப்ரீ, கியூ இல்ல, ஏர்கான் இருக்கு. என் வீட்டு லாட் நம்பர் சொன்னதும் அந்த தங்கச்சி கம்ப்யூட்டர்ல தட்டி எங்க தாமான காட்டுனாங்க, பின்னாடி இருக்குற செம்பன (பாமாயில் மரம்) காட்டுக்கும் வீடுன்னு கலர் அடிச்சிருக்குன்னு பொறுமையா சொன்னாங்க. ரஞ்சாங்கான் ஸ்ட்ரக்டூர்னா மாநிலம் முழுசுக்கும் பொதுவா எந்தப் பக்கம் வளரணும்னு சொல்றது, ரஞ்சாங்கான் தெம்பாத்தான்னா உன் லாட்டுல என்ன கட்டலாம் எவ்ளோ உயரம்னு சொல்றது, இந்த வித்தியாசமே எனக்கு அன்னிக்குத்தான் வெளங்குச்சு. 2030 வரைக்கும் உள்ள ஸ்ட்ரக்டூர் ப்ளான் 2019லயே கெஜட் ஆயிடுச்சு, அப்போ நம்ம ஆளுங்க எத்தன பேர் வாய தொறந்தோம்?

குறைக்கு வரேன். எழுதுனது எல்லாம் மலாய், இங்கிலீஷ் மட்டும்தான். எனக்கு முன்னாடி ஒரு அங்கிள் நின்னாரு, எழுவது வயசுக்கு மேல இருக்கும், தெற்கு பக்கம் ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுன ஆளு, மேப்புல விரல வச்சு "தம்பி, எங்க கோயில் இதுல எங்க இருக்கு"ன்னு கேட்டாரு. தேடி பாத்தோம், அந்த இடம் மொத்தமும் ஒரே கலர், கோயிலுக்கு ஒரு புள்ளி கூட இல்ல. தோட்டத்த வித்து தாமான் ஆக்குனப்போ லயத்து வீட்டுல (தோட்டத் தொழிலாளிங்களோட வரிசை வீடு) இருந்த சனங்க எங்கெங்க சிதறிப் போனாங்கன்னு நமக்கு தெரியும், அந்த மாதிரி ஒரு இடத்த காட்டுற மேப்புல கோயிலும் தமிழ்ப்பள்ளியும் பளிச்சுன்னு தெரிய வேணாமா. இதுக்கு ஒரு ஸ்டார் போச்சு.

இன்னொரு ஸ்டார் போனதுதான் பெரிய விஷயம். தீவுல இடம் இல்ல, அது எல்லாருக்கும் தெரியும், 76 மீட்டருக்கு மேல இருந்தாலோ சரிவு 25 டிகிரிக்கு மேல இருந்தாலோ மலைநிலம்னு கணக்கு, அங்க கைய வைக்கக் கூடாது, அதனால வீடு எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்குற பெருநிலத்துக்கு வருது, சரி ஒத்துக்குறேன். ஆனா பெருநிலத்துல எங்க? செம்பன தோட்டம்னா பெரிய நெலம், ஒரே முதலாளி, வாங்குறதும் சுலபம் கட்டுறதும் சுலபம், அதனால கலரெல்லாம் அங்கதான் போயி விழுந்த மாதிரி எனக்கு பட்டுச்சு.

நான் அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி தீவுல இருக்குற ஜெலுத்தோங் ஃப்ளாட்ட விட்டுட்டு பெருநிலத்துல பத்து காவான் பக்கம் வந்தவன். எனக்கு நல்ல இடம்தான், தீவுல பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்கு 2014ல தொறந்த ரெண்டாவது பாலத்துல ஏறுனா நேரா பத்து மாவுங்ல எறங்கிடலாம், மோட்டாருக்கு 2019லேருந்து டோலும் இல்ல. மழை காத்துல அந்த 24 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்க, அது வேற கதை. ஆனா அம்மா? ஜெலுத்தோங்ல காலையில அவங்களே நடந்து பாசாருக்கு போவாங்க, கோயிலுக்கு போவாங்க, இங்க ஒரு கொத்தமல்லி கட்டு வாங்கணும்னாலும் நான் தூங்கி எந்திரிக்கணும். வண்டி ஓட்டத் தெரியாத ஒருத்தர் அந்த இடத்துல எப்படி பொழைப்பாங்கன்னு அந்த மேப்ப பாத்தா தெரியவே தெரியாது.

பெருநிலத்துல பட்டர்வொர்த்துல கொமுட்டர் ரயில் ஸ்டேஷன், ஃபெரி, பஸ் எல்லாம் ஒரே எடத்துல இருக்கு, 2025 ஜனவரில வேலை தொடங்குன எல்ஆர்டி ரயிலும் தீவுலேருந்து கடல தாண்டி அங்கதான் வரப்போவுது. புக்கிட் தெங்ஙா, புக்கிட் மெர்தாஜாம், சிம்பாங் அம்பாட், நிபோங் திபால்னு வரிசையா கொமுட்டர் நிக்குது. அந்த ஸ்டேஷன்லேருந்து நடக்குற தூரத்துல பழைய கடைவீடு, காலி லாட்டு எவ்ளோ கெடக்குன்னு அந்தப் பக்கம் போறவங்களுக்கு தெரியும். முதல்ல அங்க வாங்குற வெலையில வீடு கட்டுங்க, அப்புறம் தோட்டத்துக்குள்ள போங்க. 2017 நவம்பர் வெள்ளத்த யாரும் மறந்திருக்க மாட்டோம், தண்ணி நிக்குற பள்ளத்துல மண்ண கொட்டி மேடாக்கி தாமான் போட்டா அந்த தண்ணி பக்கத்து கம்பத்து (கிராமத்து) வீடுங்களுக்குத்தானே போகும். வெள்ளம் வர்ற இடம் தனி மேப்புல வேற சுவத்துல இருந்துச்சு, ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு காட்டிருந்தா எவனுக்கும் புரியும்.

போறவங்க ஐசி (அடையாள கார்டு), லாட் நம்பர் எடுத்துக்கோங்க, மதியம் ஒரு மணிக்கு முன்னாடி போங்க. கருத்து சொல்ல ஃபாரம் குடுப்பாங்க, 1976 நகர, கிராம திட்டமிடல் சட்டப்படி ரஞ்சாங்கான் தெம்பாத்தானுக்கு குறைஞ்சது நாலு வாரம் டைம் உண்டு, "நல்லா இல்ல"ன்னு மட்டும் எழுதாதீங்க, எந்த லாட்டு, ஏன், அதுக்கு பதிலா எங்கன்னு எழுதுங்க. நேர்ல வந்து பேசணுமான்னு ஒரு கட்டம் இருக்கும், அத டிக் பண்ண மறந்துடாதீங்க, நிறைய பேர் அங்கதான் கோட்ட விடுறாங்க. அங்கிளோட ஃபாரத்த நான்தான் மலாய்ல எழுதி குடுத்தேன், கோயில் இருக்குற இடத்த மேப்புல வட்டம் போட்டு ஒட்டியாச்சு. ரெண்டு பேருமே டிக் பண்ணிருக்கோம், கூப்புட்டாங்கன்னா லீவ் போட்டு அவரையும் ஏத்திட்டு போறேன்னு சொல்லிருக்கேன்.