மேக்னட் ஒட்டும் படத்தை நம்பி ஏமாந்த கதை

விக்டோரியா காலத்து கவுன் தைக்கும் ஆசை உள்ளவர்கள், கார்செட்டுக்கு (பட்டைகள் வைத்துத் தைத்து, நாடாவால் இடுப்பை இறுக்கும் உள்ளாடை) ஆன்லைனில் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் தைக்க ஆரம்பித்தது 1885 பாணி. பாவாடை பின்னால் தட்டுப் பலகை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்க, உள்ளே ‘பஸ்ஸில்’ (bustle) என்று ஒரு சட்டம் கட்டுவார்களே, அந்த வகை. கவுன் என் கையால்; கார்செட் மட்டும் இங்கே லண்டனில் ஒருவரிடம் ஆர்டர். 160 பவுண்டை மொத்தமாக வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். "எல்லாம் ஸ்டீல் பட்டைகள்" என்று சொல்லி, மேக்னட் ஒட்டியிருக்கும் படமும் அனுப்பினார்.

நாள் இழுத்துக்கொண்டே போனது. கேட்டால், "இடுப்பு 2 அங்குலம் குறையும், அந்த அளவுக்கே மேல்சட்டையை வெட்டுங்கள்" என்றார். வெட்டினேன். இதில் என் தப்பும் உண்டு. இந்த உடைக்கு உள்ளாடை எல்லாவற்றையும் போட்டுக்கொண்டுதான் அளவே எடுக்க வேண்டும்: ஷெமீஸ் (கார்செட்டுக்கு அடியில் போடும் மெல்லிய உள்சட்டை), கார்செட், பஸ்ஸில், உள்பாவாடை. பஸ்ஸில் கட்டாமல் பாவாடை நீளம்கூடச் சொல்ல முடியாது, பின்பக்கம் அத்தனை துணியை விழுங்கும். தெரிந்தும் அவசரப்பட்டேன்.

ஐந்து வாரம் தாமதமாக வந்தது. போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தேன். உடம்புச் சூட்டில் பட்டைகள் இளகி, இடுப்பில் மடிந்து, விலாவில் குத்தின. பிரிட்ஜில் இருந்த மேக்னட்டை எடுத்துவந்து வைத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் வழுக்கி விழுந்தது, முதுகுப் பக்கமும் அப்படியே. முன்னால் கொக்கி மாட்டும் ‘பஸ்க்’ என்ற ஸ்டீல் பட்டையில் மட்டும் கெட்டியாக ஒட்டியது. படம் எடுத்த இடம் அதுதான்! மீன்முள் நெசவில் வரும் ‘கூட்டில்’ (coutil) என்ற கெட்டித் துணி என்றதும் பொய். உள்ளே மெல்லிய பாலியஸ்டர். மூன்றாம் முறை நாடாவை இழுத்தபோது நாடா கோக்கும் ஐலெட் வளையம் ஒன்று நூலோடு பிய்ந்து கையில் வந்தது. அதைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்தும் வாஷரே இல்லை.

அளவெடுத்துத் தைத்ததைத் திரும்ப வாங்க மாட்டாராம். மனசு மாறித் திருப்புவதற்குத்தான் அந்தப் பேச்சு; சொன்னபடி இல்லாத பொருளுக்கு 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதைச் சொல்லி மல்லுக்கட்டியதில் பாதிப் பணம் வந்தது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் கார்டு நிறுவனத்திடமும் கேட்டிருக்கலாம், 100 பவுண்டுக்கு மேல் என்பதால்.

யாரிடம் வாங்கினாலும், பக்கவாட்டுப் பட்டைகளில் மேக்னட்டை ஓட்டிக் காட்டும் வீடியோவைக் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

மேல்சட்டையைப் பிரித்துவிட்டேன். தையலுக்குள் கூடுதலாக விட்டிருந்த துணி அரை அங்குலம்தான். ஒட்டுப்போட அதே நிறத் துணி தேடிக்கொண்டிருக்கிறேன்.