புஷ், கோர் வழக்கைக் காதால் கேட்டேன்: ஓயெஸ் தளம் எப்படி?

அமெரிக்க உச்ச நீதிமன்ற வாதங்களின் ஒலிப்பதிவை இலவசமாகக் கேட்க ஓயெஸ் என்று ஒரு தளம் இருக்கிறது. நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் சித்தப்பாவோடு போட்ட சண்டை. 2000 அதிபர் தேர்தலில் புளோரிடா மாநில ஓட்டுகளின் மறு எண்ணிக்கையை நிறுத்தி, கோரை எதிர்த்து நின்ற புஷ்ஷை ஜெயிக்க வைத்ததே கட்சிக்கார நீதிபதிகள்தான் என்று அவர் அடித்துச் சொல்ல, சரி, என்னதான் பேசினார்கள் என்று கேட்டுவிடுவோமே என்று டிசம்பர் 11 விசாரணையைப் போட்டேன். ஒன்றரை மணி நேரம்.

பேசப் பேச எழுத்தும் கூடவே ஓடுகிறது, யார் பேசுவது என்று பெயரும் வருகிறது. இது சின்ன விஷயமில்லை. நீதிமன்றம் அப்போது வெளியிட்ட பிரதியில் நீதிபதிகள் பெயரே இருக்காது, வெறும் 'கேள்வி' என்றுதான் போட்டிருக்கும். எதிரே நின்ற வக்கீலுக்கே குழப்பம்: ஒருவர் நீதிபதி ஸ்டீவன்ஸை, 1997-லேயே இறந்துபோன பிரென்னன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், அப்புறம் சூட்டரை பிரையர் என்கிறார், கடைசியில் ஸ்கேலியா 'நான் ஸ்கேலியா' என்று சொல்லிக்கொண்டுதான் கேள்வியையே ஆரம்பிக்கிறார். புளோரிடாவில் 537 ஓட்டு வித்தியாசத்தில் அதிபர் பதவி தொங்கும்போது இந்தக் கூத்து!

நான் திரும்பத் திரும்பக் கேட்டது சூட்டர், கோரின் வக்கீல் பாய்ஸை மடக்கும் இடம். துளை போட்டு ஓட்டளிக்கும் சீட்டு அது; துளை முழுசாக விழாமல் லேசாக அமுங்கிய சீட்டை ஒரு கவுண்டியில் (நம்ம மாவட்டம் மாதிரி) ஓட்டு என்கிறார்கள், இன்னொன்றில் இல்லை என்கிறார்கள், எந்த அளவுகோலை வைக்கச் சொல்வது? மிகக் கடினமான கேள்வி என்று பாய்ஸே ஒப்புக்கொள்கிறார். இப்படிக் குடைந்த சூட்டர் மறுநாள் தீர்ப்பில் புஷ்ஷுக்கு எதிராகத்தான் எழுதினார், அவரை நியமித்ததோ புஷ்ஷின் அப்பா. மறு எண்ணிக்கையை நிறுத்திய ஐந்து பேரும் குடியரசுக் கட்சி அதிபர்கள் நியமித்தவர்கள் என்பதும் உண்மைதான்.

ஆனால் எனக்கு உறுத்துவது விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு, டிசம்பர் 9-ஆம் தேதி நடந்தது. வாதத்தையே கேட்காமல் மறு எண்ணிக்கைக்குத் தடை போட்டார்கள், அதுவும் 5-4. வாதமே நடக்காததால் அதற்கு ஒலிப்பதிவும் கிடையாது.

வக்கீல் ஆங்கிலம் வேகமாக ஓடும், எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். ஐந்துக்கு நான்கரை.

லிங்க்கை சித்தப்பாவுக்கும் அனுப்பினேன். பத்து நிமிஷம் கேட்டுவிட்டு, "தாமஸ் எங்கடா?" என்றார். முழுக்கக் கேட்டாலும் நீதிபதி தாமஸின் குரல் வராது சித்தப்பா, அன்றைக்கு அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.