முழங்கால் வலி என்று போனோம், இடுப்பைப் பார்த்தார்

என் பையனுக்கு ஐந்து வயது. ஒருநாள் காலையில் எழுந்ததும் வலது காலை நொண்டினான். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் முழங்காலைக் காட்டினான். ஆடிப்பெருக்கன்று திருவையாற்றில் படித்துறையில் குதித்தானே, அதில் சுளுக்கியிருக்கும் என்று மாமியார் விளக்கெண்ணெய் தடவி உருவிவிட்டார். அப்புறம் பக்கத்தில் ஓரிடத்தில் முழங்காலை எக்ஸ்ரே எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் வீணானது.

மூன்றாம் நாள் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில் குழந்தைகளுக்கான எலும்பு மருத்துவரிடம் போனோம். அவர் முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பையனைக் கவிழ்ந்து படுக்கச் சொன்னார். இரண்டு முழங்கால்களையும் மடக்கி, பாதங்களை வெளிப்பக்கமாகச் சாய்த்தார். இடது பாதம் தாராளமாகச் சாய்ந்தது. வலது பாதி வழியிலேயே நின்றது, பையன் அலறிவிட்டான். கோளாறு இடுப்பு மூட்டில்தான், அங்கே போகும் நரம்பே முழங்காலுக்கும் போவதால் சின்னப் பிள்ளைகள் முழங்காலைத்தான் காட்டுவார்கள் என்றார். எனக்குக் கை நடுங்கியது.

இரண்டு வாரத்துக்குள் சளி பிடித்ததா, ராத்திரியில் வலியால் எழுகிறானா, வீட்டில் யாருக்காவது காசநோய் உண்டா என்று நிதானமாகக் கேட்டார். சளி பிடித்திருந்தது. நான் அதை இதோடு சேர்த்து யோசிக்கவே இல்லை.

அவர் பயந்தது மூட்டுக்குள் சீழ் இருக்குமோ என்றுதான். காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டுவது, காலை ஊன்றவே முடியாதது, ரத்தப் பரிசோதனையில் உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் இ.எஸ்.ஆர். 40-க்கு மேல், ரத்த வெள்ளணு 12,000-க்கு மேல் என்று நான்கும் சேர்ந்தால் சீழாக இருக்கவே வாய்ப்பு அதிகம், அன்றைக்கே மூட்டைக் கழுவ வேண்டியிருக்கும் என்றார். இவனுக்குக் காய்ச்சல் இல்லை, இ.எஸ்.ஆர். 22, வெள்ளணு 9,800. ஸ்கேனில் மூட்டில் கொஞ்சம் நீர் தெரிந்தது. சளிக்குப் பிறகு வரும் தற்காலிக வீக்கம், ஓய்வும் ஐபுப்ரோஃபென் சிரப்பும் போதும் என்றார். காய்ச்சல் வந்தால் ராத்திரியானாலும் தூக்கி வரச் சொன்னார். நொண்டல் நீடித்தால் பெர்தஸ் நோயா என்று பார்க்க வேண்டுமாம். தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறைவதால் வருவது அது, 4 முதல் 8 வயது ஆண் பிள்ளைகளுக்கு அதிகம், ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம்.

குறையும் உண்டு. கிளினிக் மாடியில், லிஃப்ட் கிடையாது. நடக்க முடியாத பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறினேன். டோக்கன் வாங்கி இரண்டரை மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது. கட்டணம் 400 ரூபாய்.

எட்டாம் நாள் நொண்டல் போய்விட்டது. சரியாகிவிட்டதே என்று விட்டுவிடாமல் மறுபடி கூட்டிப்போனேன். திரும்பவும் கவிழ்ந்து படுக்கச் சொன்னார், இரண்டு பாதங்களும் ஒரே அளவுக்குச் சாய்ந்தன. அன்றைக்குப் பணம் வாங்கவில்லை.