புதுப்பேட்டையில் ஒரு பேட்டரிக் கடை: விலைக்கு முன் கணக்கு

என் கணவருக்கு மூச்சுக் கருவி இல்லாமல் இரவுத் தூக்கம் இல்லை. காரின் பின்னால் கட்டி இழுத்துப் போகும் எங்கள் கேரவனில், ஏலகிரி மலையில் இரவு இரண்டு மணிக்கு அந்தக் கருவி நின்றுபோனது. விடியும்வரை அவர் நாற்காலியில் சாய்ந்தே கிடந்தார். நானும் கண் மூடவில்லை. ஒரு கடையில் நம்பி வாங்கியது கார் பேட்டரி என்று பிறகுதான் தெரிந்தது. மெல்லிய தகடுகள் கொண்ட அது இஞ்சினைக் கிளப்பத்தான் லாயக்கு. தினமும் சார்ஜ் இறங்கி ஏறும் வேலையில் ஆறே மாதத்தில் படுத்துவிட்டது.

அடுத்து சென்னை புதுப்பேட்டையில் ஒரு பேட்டரிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் எடுத்த எடுப்பில் விலை சொல்லவில்லை. "இரவில் என்னென்ன ஓடும், எழுதுங்கள் அம்மா" என்று தாளை நீட்டினார். மூச்சுக் கருவி 40 வாட், எட்டு மணி நேரம். மின்விசிறி 28 வாட், பத்து மணி நேரம். விளக்குகளையும் சேர்த்தால் சுமார் 650 வாட்-மணி. ஈய அமில பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் 100 ஏஎச் (ஆம்பியர்-மணி; 12 வோல்ட்டில் 1,200 வாட்-மணி) போதாது. 150 ஏஎச் டியூபுலர் (குழாய் வடிவத் தகடுகள் கொண்ட ஈய அமில வகை) போதும். ஆனால் எடை அறுபது கிலோவை நெருங்கும், சார்ஜ் ஏறும்போது வரும், தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளியேற வழியும் வேண்டும். நாங்கள் படுக்கும் கேரவனுக்குள் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு மடங்கு விலை கொடுத்து 100 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை பேட்டரி எடுத்தோம். 1,280 வாட்-மணி, எடை பன்னிரண்டு கிலோதான். "உங்கள் சார்ஜரில் லித்தியம் அமைப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் விற்கமாட்டேன்" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகவே அவரை யாருக்கும் சொல்வேன். லித்தியத்தில் வோல்ட்டேஜ் கடைசிவரை அதிகம் இறங்காது, வோல்ட்மீட்டரை நம்பினால் ஏமாறுவோம் என்று உள்ளே போகும், வெளியே வரும் மின்சாரத்தைக் கணக்கிட்டு மீதி சார்ஜைக் காட்டும் ஷன்ட் மீட்டரும் பொருத்திக் கொடுத்தார்.

ஒரு குறை உண்டு. ஓடும் காரிலிருந்து சார்ஜ் ஏற்றத் தனியாக டிசி-டிசி சார்ஜர் வேண்டும் என்பதைப் பணம் கட்டிய பிறகே சொன்னார். கடை முன் வண்டி நிறுத்தவும் இடமில்லை.

நாங்கள் இருக்கும் நீலாங்கரையின் கடலோர உப்புக் காற்றில் பேட்டரி முனைகள் பூத்துவிடுகின்றன. மாதம் ஒருமுறை துடைத்து வாஸ்லைன் தடவுகிறேன். பயணம் இல்லாத மாதங்களில் பாதி சார்ஜில் வைத்து இணைப்பைக் கழற்றிவிடுகிறேன். சித்திரை வெயிலில் கேரவனை நிழலைவிட்டு நகர்த்துவதில்லை.

சென்ற மாதம் ஜவ்வாது மலையில் தங்கினோம். காலை ஆறரைக்கு மீட்டர் 46 சதவீதம் காட்டியது. அவர் இன்னும் உறங்கிக்கொண்டிருந்தார்.