பிள்ளைகளைப் பார்ப்பவருக்கே காய்ச்சல் வந்தால்? காப்பகங்களைத் தாங்கும் மூன்று ஏற்பாடுகள், ஓர் ஒப்பீடு

ஒரு குழந்தைகள் காப்பகம் நல்லதா என்று தெரிந்துகொள்ள ஆளாளுக்கு ஓர் அளவுகோல் உண்டு. சிலர் இடம் சுத்தமா என்று பார்ப்பார்கள், சிலர் ஒருவர் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணுவார்கள். இரண்டும் சரிதான். நான் முதலில் கேட்கும் கேள்வி இது: அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் ஒரு நாள் காலை காய்ச்சலில் படுத்துவிட்டால் அன்றைக்கு என்ன நடக்கும்? கதவு பூட்டிக் கிடக்குமா, காய்ச்சலோடு வந்து பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொள்வாரா, இல்லை பிள்ளைக்கு ஏற்கெனவே பழகிய வேறொரு முகம் வந்து நிற்குமா? ஒன்றரை வயதுப் பிள்ளைக்குத் தினமும் பார்க்கும் முகம் திடீரென்று மாறுவது சின்ன விஷயம் இல்லை. அந்தக் காப்பகத்துக்குப் பின்னால் மனிதர்கள் யாராவது நிற்கிறார்களா, நின்றால் எப்படி நிற்கிறார்கள் என்பது இந்த ஒரு பதிலிலேயே தெரிந்துவிடும்.

அப்படிப் பின்னால் நிற்பதில் மூன்று வகை ஏற்பாடுகள் வெவ்வேறு நாடுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. பெற்றோரே சேர்ந்து நடத்துவது ஒன்று. தங்கள் வீட்டில் வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்களை ஒன்றாகக் கோத்துவிடுவது இன்னொன்று. அரசுத் திட்டத்துக்குள் பெற்றோருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் நாற்காலி போடுவது மூன்றாவது. மூன்றையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கலாம்.

பெற்றோரே நடத்துவதில் ஒரு தனி வேகம் இருக்கிறது. இத்தாலியில் ரெஜ்ஜியோ எமிலியா நகரை ஒட்டிய வில்லா செல்லா கிராமத்து மக்கள், 1945 வசந்தத்தில் விடுதலை கிடைத்த சில நாட்களிலேயே, பின்வாங்கிய ஜெர்மன் படை விட்டுப்போன ஒரு டாங்கியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்ற காசில் தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே பள்ளி கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கேள்விப்பட்டு சைக்கிளில் போய்ப் பார்த்த இளம் ஆசிரியர் லோரிஸ் மலகுஸ்ஸிதான் பின்னாளில் அந்த நகரத்தின் மழலைக் கல்விமுறையை உலகம் திரும்பிப் பார்க்க வைத்தவர். நியூசிலாந்தின் வெலிங்டனில் 1941-இல் தொடங்கிய பிளேசென்டர் இயக்கத்தில் பெற்றோர் நிர்வாகத்தோடு நிற்பதில்லை, பயிற்சி எடுத்துக்கொண்டு முறை வைத்துப் பிள்ளைகளோடு அவர்களே உட்காருகிறார்கள். 1968 வாக்கில் மேற்கு பெர்லினிலும் பிராங்பர்ட்டிலும் காலியாகக் கிடந்த கடைகளை வாடகைக்கு எடுத்துப் பெற்றோர் நடத்திய காப்பகங்களுக்குப் பெயரே 'கிண்டர்லாடன்', அதாவது குழந்தைக் கடை.

காய்ச்சல் கேள்விக்கு இவர்களிடம் அழகான பதில் இருக்கிறது. பயிற்சி பெற்ற இன்னொரு அம்மாவோ அப்பாவோ வருவார். பிள்ளைகளுக்கு அவரை நன்றாகத் தெரியும். ஏதாவது சரியில்லை என்றால் அடுத்த கூட்டத்திலேயே மாற்றிவிடலாம், மேலிடத்துக்கு மனு எழுத வேண்டியதில்லை.

ஆனால் வாரத்தில் ஒரு முழுக் காலைப்பொழுதைச் சம்பளம் இல்லாமல் கொடுக்க யாரால் முடியும்? நாள்கூலிக்குப் போகிறவரால் முடியாது, இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வருகிறவரால் முடியாது, தனியாகப் பிள்ளை வளர்ப்பவரால் முடியவே முடியாது. காப்பகம் யாருக்கு மிக அவசரமாகத் தேவையோ அவர்களையே இந்த ஏற்பாடு வாசலில் நிறுத்திவிடுகிறது. நியூசிலாந்திலும் தாய்மார்கள் சம்பள வேலைக்குப் போகப்போக பிளேசென்டர்களில் பிள்ளைகள் குறைந்தார்கள். இன்னொரு சங்கடம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பிள்ளை வளர்ந்து பள்ளிக்குப் போனதும் பெற்றோரும் போய்விடுகிறார்கள். கணக்கு எழுதக் கற்றுக்கொண்டவர், உரிமம் புதுப்பிக்கத் தெரிந்தவர், பயிற்சியாளரை எங்கே பிடிப்பது என்று அறிந்தவர் எல்லோரும் இரண்டு மூன்று வருஷத்தில் கிளம்பிவிட, வருகிறவர்கள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

இதற்குக் கனடாவின் கியூபெக் மாகாணம் கண்ட வழி எனக்குப் பிடித்திருக்கிறது. 1997-இல் நாளுக்கு 5 டாலர் கட்டணத்தில் காப்பக வசதியைக் கொண்டுவந்தபோது, 'சிபிஇ' எனப்படும் லாப நோக்கமற்ற மையங்களை அதன் முதுகெலும்பாக வைத்தார்கள். இவற்றின் நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு அங்கே பிள்ளை விடும் பெற்றோர். தினசரி வேலை சம்பளம் வாங்கும் ஊழியர்களுடையது, முடிவு பெரும்பாலும் பெற்றோருடையது. அந்த மாகாணத்தில் நடந்த தர ஆய்வில் லாபத்துக்கு நடத்தப்பட்ட காப்பகங்களைவிட இவை மேலாக இருந்தன.

அடுத்தது, வீட்டில் வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்களின் கூட்டு. மூன்றில் என் மனம் சாய்வது இதன் பக்கம்தான். இந்த வேலையின் தனிமை வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒன்பது பத்து மணி நேரம் நாலைந்து சின்னப் பிள்ளைகளோடு ஒரே வீட்டுக்குள், பேச இன்னொரு பெரிய ஆள் கிடையாது, ஒரு பிள்ளை இன்னும் வாய் திறந்து பேசவில்லையே, யாரிடம் சொல்வது என்று குழம்பினாலும் கேட்க ஆள் கிடையாது, கழிவறைக்குப் போகக்கூட யோசிக்க வேண்டும். அவரை அப்படியே விட்டுவிட்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆய்வுக்குப் போய்க் குறை எழுதிவிட்டு வந்தால் எதுவும் மேம்படாது.

டென்மார்க்கில் நகராட்சிகள் நடத்தும் 'டாக்பிளையே' என்ற வீட்டுக் காப்பக முறை இந்தச் சிக்கலை நேராகப் பிடித்திருக்கிறது. ஒவ்வொருவர் வீட்டிலும் வழக்கமாக நான்கு பிள்ளைகள் வரை. அருகருகே இருப்பவர்கள் தாங்கள் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளோடு ஒரு பொது விளையாட்டறையில் அடிக்கடி கூடுகிறார்கள். பெரியவர்களுக்குப் பேச்சுத்துணை, பிள்ளைகளுக்குப் புது நண்பர்கள். அப்புறம், ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அவருடைய பிள்ளை அந்தக் கூட்டத்தில் பார்த்துப் பழகிய இன்னொருவர் வீட்டுக்கு அன்றைக்கு விருந்தாளியாகப் போகிறது. என் கேள்விக்கு நான் அறிந்த பதில்களில் இதுவே சிறந்தது. அந்த மாற்று ஆளைப் பிள்ளைக்கு முன்கூட்டியே அறிமுகம் செய்துவைக்கும் வேலை, விளையாட்டோடு விளையாட்டாக நடந்து முடிந்துவிடுகிறது.

இந்தக் கூட்டு நிற்பதும் விழுவதும் ஒருங்கிணைப்பாளர் கையில். சம்பளத்துக்கு ஒருவர், சின்னப் பிள்ளைகளின் வளர்ச்சி பற்றிப் படித்தவர், வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேசுகிறவர் இருக்க வேண்டும். சிகாகோவில் இப்படிப்பட்ட கூட்டமைப்புகளைப் பற்றி 2009-இல் வெளியான ஆய்வும் அதைத்தான் காட்டியது: முறையான ஊழியர்கள் உள்ள கூட்டமைப்பில் சேர்ந்தவர்களின் பராமரிப்பு, எதிலும் சேராதவர்களுடையதைவிடத் தரமாக இருந்தது. இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். உதவிக்கு வருகிறவரே உரிமத்தை ரத்து செய்யும் அதிகாரியாகவும் இருந்தால், யாரும் தன் கஷ்டத்தை அவரிடம் சொல்ல மாட்டார்கள். எனக்கு இந்தப் பிள்ளையைச் சமாளிக்கத் தெரியவில்லை என்று ஒருவர் பயப்படாமல் சொல்ல முடிந்தால்தான் அந்தப் பிள்ளைக்கு உதவி போய்ச் சேரும்.

பலவீனம்? சம்பளம். கொலம்பியாவில் 1980-களின் பிற்பாதியில் தொடங்கிய சமூக இல்லங்கள் திட்டத்தில் 'சமூகத் தாய்' எனப்பட்ட பெண்கள் தங்கள் வீட்டிலேயே 12 முதல் 15 பிள்ளைகள் வரை பார்த்துக்கொண்டார்கள். ஏழைக் குடியிருப்புகளில் வேறு எதுவும் எட்டாத இடத்தை அது எட்டியது. ஆனால் அந்தப் பெண்களைப் பல வருஷம் தன்னார்வலர் என்றே வைத்திருந்தார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2014-இல்தான் முறையான வேலை ஒப்பந்தமும் குறைந்தபட்ச ஊதியமும் வந்தன. 'சமூகம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு பெண்களின் உழைப்பை மலிவாக வாங்குவது இந்தத் துறை முழுக்க இருக்கும் நோய். அகமதாபாத்தில், சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவா தொடங்கிய சங்கினி கூட்டுறவு இதற்கு ஒரு மாற்றுப் பாதை: அங்கே பிள்ளைகளைப் பார்க்கும் பெண்களே கூட்டுறவின் உறுப்பினர்கள், தங்கள் ஊதியத்தைப் பற்றிப் பேச அவர்களுக்கு இடம் இருக்கிறது.

மூன்றாவது, அரசுத் திட்டத்துக்குள் பெற்றோருக்கு இடம். பணமும் பரப்பும் இங்கேதான் பெரிது. அமெரிக்காவில் ஏழைக் குடும்பத்துச் சின்னப் பிள்ளைகளுக்காக 1965-இல் தொடங்கிய ஹெட் ஸ்டார்ட் திட்டத்தில் கொள்கைக் குழு என்று ஒன்று இருக்கிறது, அதில் பெரும்பான்மை அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர், வரவுசெலவுத் திட்டம் அவர்கள் பார்வைக்கு வந்தாக வேண்டும். பெயருக்கு ஒரு குழு போட்டு வருஷத்துக்கு இரண்டு முறை தேநீர் கொடுத்து அனுப்புவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இந்த அதிகாரம்தான்.

சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு உதவ இங்கிலாந்து கொண்டுவந்த ஷூர் ஸ்டார்ட் திட்டத்தை இன்னும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1999-இல் ஏழ்மையான பகுதிகளில் தொடங்கியபோது ஒவ்வொரு பகுதியும் தனக்கு என்ன தேவை என்று பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு தானே முடிவு செய்தது, செலவழிக்கக் கணிசமான பணமும் இருந்தது. முதலில் வந்த மதிப்பீடு அவ்வளவு நம்பிக்கை தரவில்லை. 2005-இல், மிகவும் நலிந்த குடும்பங்களுக்குப் பலன் போய்ச் சேரவில்லை, சிலருக்குப் பாதகமாகவும் இருந்தது என்றார்கள். அதன்பிறகு அது உள்ளாட்சிகளின் கீழ் குழந்தைகள் மையங்களாக நாடு முழுக்கப் பரவியது, 2010-க்குப் பிறகு நிதி வெட்டப்பட்டுப் பல மையங்கள் மூடப்பட்டன. 2024-இல் அங்குள்ள நிதி ஆய்வு நிறுவனம், அந்த மையங்களுக்கு அருகில் வளர்ந்த பிள்ளைகள் 16 வயதில் எழுதிய பொதுத்தேர்வு மதிப்பெண்களைப் பார்த்தபோது, பலன் தெரிந்தது, அதுவும் முதலில் தொடங்கிய, பணமும் சமூகத் தொடர்பும் அதிகம் இருந்த மையங்களிலிருந்துதான் வந்தது. பிறகு பரப்பி மெலிந்தவற்றில் அது தெரியவில்லை. ஆறேழு வருஷத்தில் கணக்குப் பார்த்துத் தீர்ப்பு எழுதியவர்கள் இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

காய்ச்சல் கேள்விக்கு இந்த வகையின் பதில் இடத்துக்கு இடம் மாறும். காகிதத்தில் மாற்று ஊழியர் இருப்பார், அவரை அந்தப் பிள்ளை முன்பின் பார்த்திருக்குமா என்பது யாருடைய பொறுப்பும் இல்லாமல் கிடக்கும்.

சரி, எதை எடுப்பது? நேரம் உள்ள பெற்றோர் பத்துப் பதினைந்து பேர் கூடியிருக்கும் இடத்தில் பெற்றோர் கூட்டுறவைத் தொடங்கலாம், ஆனால் ஒரு நிரந்தர ஊழியருக்காவது சம்பளம் ஒதுக்கிவிட்டுத் தொடங்க வேண்டும். அரசுத் திட்டம் ஏற்கெனவே ஓடுகிற இடத்தில் புதிதாக ஒன்றைக் கட்டுவதைவிட, இருக்கிற குழுவுக்குப் பணத்தின் மீதும் ஆள் நியமனத்தின் மீதும் சொல்ல உரிமை கேட்டுச் சண்டை போடுவது மேல். எல்லோரும் வேலைக்கு ஓடுகிற, யாருக்கும் நேரம் இல்லாத, ஆனால் தெருவுக்கு இரண்டு பேர் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் என்றால், அவர்களைக் கோப்பதுதான் வழி. அங்கே கையில் இருக்கும் முதல் பணத்தைக் கட்டடத்துக்கோ விளையாட்டுச் சாமானுக்கோ கொடுக்காமல் ஒருங்கிணைப்பாளர் ஒருவரின் சம்பளத்துக்குக் கொடுங்கள். வாரம் ஒருமுறை பிள்ளைகளோடு எல்லோரும் கூட ஓர் அறை இரவலாகக் கிடைத்தால் போதும், அடுத்த முறை ஒருவருக்குக் காய்ச்சல் வரும்போது அவர் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் போகத் தெரிந்த வீடு ஒன்று இருக்கும்.