பள்ளிக்கரணைப் பக்கம் தரைத்தள வீடு பார்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்

நாங்கள் காலி செய்த வீட்டில் மறுபடியும் புதுப் பெயின்ட் அடித்து, டு-லெட் பலகை மாட்டியிருப்பதை நேற்றுப் பார்த்ததால் இதை எழுதுகிறேன்.

2024 மே மாதம், சதுப்புநிலத்தை ஒட்டிய தெரு ஒன்றில் அந்த வீட்டுக்குக் குடிபோனோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அப்பகுதி மூழ்கியது தெரியும் என்பதால், உள்ளே தண்ணீர் வந்ததா என்று உரிமையாளரிடம் நேராகவே கேட்டேன். “வாசற்படியோடு நின்றுவிட்டது சார்” என்றார், தரகரும் ஆமோதித்தார்.

ஆடி முடிவதற்குள் படுக்கையறைச் சுவரில், தரையிலிருந்து சுமார் மூன்றடி உயரம் வரை மட்டும் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, உப்புப் பூத்து, விரல் பட்டாலே மாவாக உதிர்ந்தது. பெயின்ட் படாமல் விட்டுப்போன மீட்டர் பெட்டியின் மரச்சட்டத்தில், அதே உயரத்தில், வண்டல் படிந்த பழுப்புக் கோடு ஒன்று இருந்தது. உரிமையாளர் சொன்னது பொய் என்பது அப்போதுதான் உறைத்தது.

சுவரையாவது பொறுத்துக்கொண்டிருப்போம், தண்ணீர்தான் எங்களை வெளியேற்றியது. தென்சென்னையின் பல ஏரிகளின் உபரிநீர் இந்தச் சதுப்புநிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி வழியாகவே கடலை நோக்கிப் போக வேண்டியிருப்பதால், மழைக்காலத்தில் இங்கே நிலத்தடி நீர் தரையை ஒட்டி ஏறிவிடுகிறது. அந்த வீட்டில் செப்டிக் டேங்குக்கும், தண்ணீர் தேக்கும் நிலத்தடித் தொட்டியான சம்ப்புக்கும் இடையே எட்டடிகூட இல்லை. ஐப்பசியில் பெய்த முதல் பெருமழைக்குப் பின் குழாய்நீரில் நாற்றம் வந்தது. ஆறு வயது மகள் வயிற்றுப்போக்கால் நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்தாள். ஆய்வகத்தில் கொடுத்த தண்ணீர் மாதிரியில், மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலி பாக்டீரியா இருந்தது. குடிநீரில் 100 மில்லிலிட்டருக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. அறிக்கையை உரிமையாளரிடம் காட்டியபோது, “கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார். குழந்தை பல் துலக்குவதும் குளிப்பதும் எந்தத் தண்ணீரில்?

காலி செய்தபோது, சுவரைப் பாழாக்கியதாக எங்கள்மீதே பழி போட்டு, முன்பணத்தில் இரண்டு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். பதினோரு மாத முத்திரைத்தாளே போதும் என்று தரகர் சொன்னதை நம்பியது என் தவறு.

வீடு பார்க்கப் போகிறவர்கள் சுவரைப் பார்க்காமல், பெயின்ட் எட்டாத இடங்களைப் பாருங்கள்: மீட்டர் பெட்டி, இரும்புக் கேட்டின் அடிப்பகுதி, மாடிப்படிக்கு அடியில் உள்ள இடம். சம்ப் மூடியைத் திறக்கச் சொல்லி, செப்டிக் டேங்க் எங்கே என்று கேளுங்கள். தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடமும் ஒரு வார்த்தை விசாரியுங்கள். அந்த வீட்டுக் கட்டில் மிதந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக அவர் எங்களிடம் சொன்னபோது, நாங்கள் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம்.